காய்ந்த உறை

என் வேலை பை திறப்பது.
காலை ஆறு மணி, கையுறை இரண்டு அடுக்கு.
வேன் ஓட்டும் யோரிஸ் இறங்குவதில்லை.
இடுப்புவலியாம். எனக்கு மட்டும் இடுப்பில்லை போல.

வியாழன் வைக்க வேண்டியதைத் திங்களே வைத்த பை,
நகராட்சியின் வெள்ளைப் பைக்குப் பதிலாகக் கடைப் பை,
மரத்தடியில் குடித்தவன் மாதிரி சாய்ந்து நிற்கும் பை.
கிழிக்கிறேன். கிளறுகிறேன். பெயர் தேடுகிறேன்.
ஒரு மின்கட்டண ரசீது போதும்,
ஒரு மருந்துச் சீட்டு போதும்;
அபராதம் வழி கேட்காமல் வீடு போய்ச் சேரும்.

பன்னிரண்டு வருடமாக இந்தப் பேட்டை.
பிரஸ்ஸல்ஸில் மற்றவர்கள் இதன் வழியாக ரயிலில் போவார்கள்.
எந்த மாடியில் யாருக்குச் சர்க்கரை,
யார் குடியை விட்டார்,
யார் விட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்,
எனக்குத் தெரியும்.
பாதிரியாரிடமும் இமாமிடமும்
இவ்வளவு உண்மை வந்திருக்காது.

பதினேழாம் எண் வீட்டில் ஐந்து மொழி.
குப்பை யாருடையது என்று கேட்டால் மட்டும்
ஒரே மொழி.
முதல் மாடி மிமூன்ட்: அந்த ரொமானியர்கள்.
வியோரிகா: மேலே இருக்கும் கினிக்காரர்கள்.
சியர்னோ சிரித்தபடி: பிரேசில்காரியைக் கேள்.
ஜுசேலியா மேலே கையைக் காட்டுவாள். மேலே யாருமில்லை.
கூரையில் ஒரு கடற்காகம்.
அதற்கு அபராதம் எழுத என்னிடம் படிவம் இல்லை.
தரைத்தளத்துக் கோதெலீவ்,
ஐம்பது வருடமாக அங்கேயே இருப்பவள்,
ஜன்னலைத் திறக்காமலே சொல்வாள்:
எல்லோரும்தான்.

ஏறிப் பார்த்திருக்கிறேன்.
ஓர் அறை, ஆறு பேர், மூன்று மெத்தை,
ஒருவன் எழுந்த சூட்டில் இன்னொருவன் படுப்பான்.
மீன்முள்ளை வியாழன்வரை எங்கே வைப்பது?
தலையணைக்குக் கீழேயா?
கால்வாய்க்கு அந்தப் பக்கம் புதுக் குடியிருப்பு,
அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும்,
பூமி விழுங்கிக்கொள்ளும்.
அங்கேயும் குப்பை உண்டு. அதற்கென்று தனி அறையும் உண்டு.

இதற்காக எல்லோரையும் மன்னித்துவிட்டேன் என்றில்லை.
இரண்டு எட்டில் தொட்டி இருக்க
டப்பாவை உதைத்து விளையாடிவிட்டுப் போகும் பையனை
என் அம்மாவின் கிகோங்கோவில்தான் திட்டுகிறேன்;
அந்த வசவுக்கு பிரெஞ்சில் போதிய கனம் இல்லை.
இரவில் வெளியூர் வேனில் வந்து
குளியல் தொட்டியை இறக்கிவிட்டுப் போகிறவனை
இன்னும் பிடிக்கவில்லை.
குப்பை உயர, கோபுரம் தாழும் என்பார்கள்.
இந்தத் தெருவில் தாழ ஒரு கோபுரம் இல்லை.
குப்பை மட்டும் தன் பங்கைச் சரியாகச் செய்கிறது.

போன திங்கள்.
மரத்தடியில் பை, ஒழுகிக்கொண்டு.
மீன்தலைகள், செதில், கொழுத்த தண்ணீர்.
நடுவில் ஓர் உறை: சியர்னோ பால்டே, மூன்றாம் மாடி.
கையில் எடுத்தேன்.
காய்ந்திருந்தது.
மீனோடு ஒரு ராத்திரி கிடந்த தாள்
காய்ந்திருக்காது.
ஒட்டியது பிரியவில்லை, நாற்றம் ஏறவில்லை.
விடியற்காலையில் யாரோ முடிச்சை அவிழ்த்துச்
செருகிவிட்டுப் போன பெயர்.

நிமிர்ந்தேன். நான்கு ஜன்னல்.
ஒன்றில் மட்டும் திரை அப்போதுதான் அசைந்து நின்றது.
எந்த மாடி என்று சொல்ல மாட்டேன்.
யோரிஸ் ஹாரன் அடித்தான்.

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறது,
'ஆள் தெரியவில்லை'.
மேலதிகாரிக்குப் பிடிக்காத கட்டம்.
அதில் குறியிட்டேன்.
உறையைக் கொண்டுபோய்
பூட்டுத் தொங்கும், ஆனால் பூட்டாத
அந்தத் தபால்பெட்டியிலேயே போட்டேன்.
உள்ளே என்ன என்று பார்க்கவில்லை.
பன்னிரண்டு வருடத்தில் முதல்முறை.

வீட்டில் ராத்திரி
என் பெயர் வந்த காகிதங்களை எட்டாகக் கிழிக்கிறேன்.
நான்கை இந்த வாரப் பையில்,
நான்கை அடுத்த வாரத்துக்கு.
தொழில் வியாதி என்கிறார் கணவர்.
இருக்கலாம்.
எங்கள் தபால்பெட்டியும் அப்படித்தான் தொங்குகிறது.