அணைத்தாலும்

மூன்று நாள் பனி.
கெமி நகரத்துச் சாலைகளை வழித்துத் தள்ளிக்கொண்டே இருந்தேன்,
வண்டியிலேயே தூங்கி, வண்டியிலேயே ரொட்டி தின்று.

கணினியை அணைத்தாலும் அந்தத் தீவில் பொழுது நடக்கும்.
அந்த விளையாட்டின் பிடிவாதம் அது.
புயலுக்கு முன் ஒன்பது பேரை விட்டுவந்தேன்.
பாதி எழும்பிய குடிசை, ஒரு கூடைப் பழம்,
சொன்ன பேச்சுக் கேட்காத ஹில்க்கா:
விறகு வெட்ட இழுத்துவிட்டால்
கடலில் போய் நிற்பாள்.

நான்காம் நாள் காலை
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் திரை முன் உட்கார்ந்தேன்.
கூடை காலி.
குடிசைக்குப் பின்னால் எட்டு மண்மேடு.
யார் தோண்டியது?
ஹில்க்கா மட்டும் முழங்கால் நீரில்,
தலைக்குமேல் பொடி எழுத்தில்:
மீன்பிடி, கற்றுக்கொண்டிருக்கிறாள்.

கணினிக் கடிகாரத்தை மூன்று நாள் பின்னுக்குத் தள்ளினேன்.
திருட்டுவேலைதான்.
பழம் திரும்பியது.
மேடுகள் அப்படியே.

கீழ்வீட்டு ரைலி கதவைத் தட்டினாள்.
"ஊரெல்லாம் வழிச்சீங்க,
நம்ம தெருவை மட்டும் விட்டுட்டீங்களே."

ஹில்க்காவைத் தூக்கிக் குடிசை வாசலில் வைத்தேன்,
பழத்துக்குப் பக்கத்தில்.
கையுறையைத் தேடித் திரும்புவதற்குள்
மறுபடி தண்ணீரில் நிற்கிறாள்.

கணினியை அணைக்காமல்
வண்டிச் சாவியை எடுத்தேன்.