பன்னிரண்டு டன்னும் ஒரு காப்பி டப்பாவும்

ஊருக்குக் கிழக்கே டோலிவர் குன்று.
மொத்தமே ஒரு குளிர்காலம்தான் வெடித்திருக்கும் என்கிறார்
கல்லூரியிலிருந்து சுத்தியலோடு வரும் பெண்மணி.
ஒரே ஒரு துளை.
நுரைத்த குழம்பு வானத்தில் பொரிந்து, ஆறி,
விழுந்த இடத்திலேயே குவிந்தது.
அப்போது தென்மேற்குக் காற்றாம்,
அதனால்தான் வடகிழக்குத் தோள் உயரம்.
எழுபதாயிரம் ஆண்டாயிற்று,
அந்தக் காற்றை இன்னும் தோளிலிருந்து
இறக்கி வைக்கவில்லை குன்று.

மேற்குப் பக்கத்தைக் கடித்தது நாங்கள்.

நான் சாலைத் துறையில் லாரி ஓட்டுகிறேன்.
ஆரிகனின் இந்த உலர்மேட்டில் பனி உறையும் இரவுகளில்
குன்றின் சிவப்புக் கசட்டுக் கல்லை அள்ளி,
நடைக்குப் பன்னிரண்டு டன்,
வளைவுகளிலும் பள்ளிக்கூட இறக்கத்திலும் தூவுவேன்.
உப்பு போட்டால் ஆறு கெடும்.
கல் கார்க் கண்ணாடியை மட்டும்தான் உடைக்கும்.
என்னைத் திட்டாத வீடு இந்த ஊரில் இல்லை.

மிச்சமிருக்கும் குன்றில் ஊரே ஏறுகிறது.
விடியுமுன் சுருள் பாதை நெடுக
நெற்றி விளக்குகள்.
முழங்கால் மாற்றிய தபால்காரர் எல்வுட்
பின்பக்கமாக நடந்து இறங்குகிறார்,
எதிரே வருபவர்களுக்கெல்லாம் முதுகால் வணக்கம்.
எரிமலை வாய்க்குள் சங்கிலிக் கூடை நட்டுத்
தட்டு எறிகிறார்கள் பையன்கள்.
ஜூலை நான்காம் தேதி வாணவேடிக்கையில்
வருஷம் தவறாமல் சரிவில் புல் பற்றிக்கொள்ளும்.
தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை
குன்றுக்குப் பழைய ஞாபகம் வந்த மாதிரி இருக்கும்.

மார்ச்சில்தான் அயோனி ஹாஸ்கெட்டைப் பார்த்தேன்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
கையில் காப்பி டப்பா, விளிம்பு வரை சிவப்புக் கல்.
வாசலில் பெருக்கியதாம்,
டயர் இடுக்கில் நோண்டியதாம்,
மகனின் காலணிக்குள்ளிருந்து உதறியதாம்.
நாங்கள் வெட்டிய விளிம்பில் நின்று கவிழ்த்தாள்.
கண்ணாடிச் சில்லுபோல் கிணுகிணுத்து
உருண்டு போய் நின்றன,
என் இயந்திரம் வாய் வைக்கும் இடத்தில்.

எத்தனை வருஷமாக?
பதினொன்று.

மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
அத்தனை டப்பாவும் சேர்ந்தாலும்
என் லாரியில் ஒரு மூலைக்குக் காணாது.
சொல்லவில்லை.
முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.
"கணக்கு எனக்கும் வரும்,
ஆனால் இது என் வாசலில் கிடந்தது" என்றாள்.
டப்பாவைத் தட்டித் தூசி போக்கி
மூடியைத் தேடினாள். மூடி என் காலடியில்.

ஏப்ரலில் எதிர்பாராமல் மறுபடி உறைந்தது.
அதிகாலை மூன்றுக்கே தூவி முடித்துவிட்டு
இறக்கத்தின் கீழே லாரியை ஓரங்கட்டியிருந்தேன்.
ஏழரைக்கு அவள் பேருந்து, முப்பத்தோரு பிள்ளைகள்.
பிரேக் பிடித்தாள்.
ஓர் அடி சறுக்கியது. பிறகு
சக்கரத்துக்கடியில் கல் நொறுங்கும் சத்தம்,
நறநறவென்று, வெகுநேரம்.
வண்டி நின்றது.

எந்தக் கல்லோ.
கைகாட்டினாள்.
நானும் காட்டினேன்.