சென்டிலிட்டருக்கு எவ்வளவு

ரெஜி வயாபூரி நான்கு போத்தல்களுக்கும்
மகளின் காலுறையை மாட்டிக்கொண்டு வந்தான்.
ஒன்றில் முயல், ஒன்றில் பட்டை,
மற்ற இரண்டும் ஜோடி சேராதவை.
லேபிள் தெரியக்கூடாது என்பது சட்டம்.
சட்டம் எழுதியவள் நான்,
குடித்தாலும் கோடு போட்டுக் குடிக்கும் கணக்கர்.

சேன்த்-ஆந்த்ரே, ஜூலை, சனிக்கிழமை.
கீழே டயர் கடை மூடியாயிற்று,
ரப்பர் வாசனை மூடவில்லை.
அதில் முதல் போத்தல்
இரண்டு மதிப்பெண் இழந்தது. பாவம்.

விலை தெரிந்தவன் ரெஜி மட்டும்.
ஆகவே அவனுக்கு ஓட்டில்லை,
தட்டு நிறைய அச்சார் உண்டு.
மிரேய் ஊற்றினாள்,
ஆளுக்கு இரண்டு சென்டிலிட்டர், ஊசிக்குழாயில்.
பகலில் அவள் ரத்தம் எடுப்பவள்.

நோட்டில் பத்திகள்: மூக்கு, நாக்கு, தொண்டை.
மூன்றையும் கூட்டி விலையால் வகுத்தால்
கடைசிப் பத்தி.
'கஞ்சப் பத்தி' என்றாள் மிரேய்.

முயல்: சோளப்பொரி, அடியில் கொஞ்சம் பெயின்ட் டப்பா.
பட்டை: அணைத்த தீக்குச்சி, சற்றுப் பொறுத்தால் தேன்.
மூன்றாவது கருவாட்டுக்கூடையில் வைத்த டிங்சர்,
சந்தேகமில்லாமல் ஸ்காட்லாந்து.
நான்காவது
தொண்டையில் இறங்கியும் போகவில்லை,
சொல்ல வந்ததை மறந்த விருந்தாளி போல
வாசலிலேயே நின்றது.
"வனிலா" என்று எழுதினேன்.

கிஸ்லேன் காதிவேல் சிரித்தான்.
பூ பூவாகத் தொட்டு
வனிலாவுக்குக் கல்யாணம் செய்துவைக்கிறவன்,
அவன் முன்னால் அந்தச் சொல்லை எழுதியிருக்கக்கூடாது.
"வனிலா இல்லை. கருக்கிய மரம்.
மரம் பொய் சொல்கிறது" என்றான்.
இன்னொரு வாய் வைத்துவிட்டு,
"நன்றாகச் சொல்கிறது."

இந்தத் தீவின் பழைய பெயரே பூர்போன்.
அது எப்படி அமெரிக்கச் சோளச்சாராயத்துக்குப் போனது?
அரை மணி நேரச் சண்டை, ஒருவருக்கும் தெரியாது.
தலை போன ராஜகுடும்பம்
பெயரை மட்டும் போத்தலில் போட்டுவைத்தது என்றாள் மிரேய்.
ஜன்னலுக்கு வெளியே
கரும்பு லாரி ஒன்று சிந்திக்கொண்டே போனது.
தீவு முழுக்கக் கரும்பை நட்டுவிட்டு
கடல்வரி கட்டிச் சோளம் குடிக்கிறோம்.

காலுறைகள் கழன்றன.
பத்தொன்பது, முப்பத்தொன்று,
நாற்பத்து நான்கு, அறுபத்திரண்டு யூரோ.
வகுத்தேன். முயல் ஜெயித்தது.
வகுத்தல் எப்போதும் மலிவின் கட்சிதான்,
அதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.
ஜெயித்ததை ஒருவரும்
இரண்டாம் முறை ஊற்றிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் கிஸ்லேன்
பைக்குள்ளிருந்து ஐந்தாவதை எடுத்தான்.
ஜாம் பாட்டில். அவன் வீட்டு ரம்,
உள்ளே உடைந்த வனிலா இரண்டு, ஏதோ ஒரு வேர்.
நாங்கள் கொடுத்தது பதினெட்டு மதிப்பெண்.
விலை?
"பூஜ்ஜியம். உனக்குப் போய் விலையா?"

பதினெட்டைப் பூஜ்ஜியத்தால் வகுத்தேன்.
கால்குலேட்டரில் ஒற்றை எழுத்து.
பிழை என்றான் ரெஜி.
நான் காரைக்காலில் படித்தவள், எனக்கு அது ஈ.
ஈ என்றால் கொடு.
இலக்கணப்படி, கீழே நிற்பவர்
மேலே இருப்பவரிடம் கேட்கிற சொல்.
நிமிர்ந்தேன். கிஸ்லேன் கையில்
நான்காக மடித்த வரிப்படிவம்,
கெடு முடிந்து ஆறு வாரம்.

என் மணிக்கு நாற்பத்தைந்து யூரோ.
இரண்டு மணி நேரம் என்று வைத்தாலும் தொண்ணூறு.
பதினெட்டு வகுத்தல் தொண்ணூறு,
பட்டியலிலேயே கடைசி.
எழுதி, அடிக்கோடிட்டு,
இன்னொரு கிளாஸ் கேட்டேன்.

காலையில் முயல் கழுத்துவரை அப்படியே இருந்தது.
ஒற்றைக் காலுறை ஒன்றைக் காணோம்,
ரெஜியின் மனைவி இரண்டு முறை அழைத்துவிட்டாள்.
படிவத்தில் 'இதர வருமானம்' என்ற கட்டத்தில்
வட்டமாக ஓர் ஈரம்.