இடது சீட்டுக்கு அடியில்

சுற்றுகிறது, பிடிக்கவில்லை.
இதை முதலில் எழுதி வைங்க என்றார் கலீல் போனில்.
சுற்றாத வண்டி வேறு,
சுற்றியும் பிடிக்காத வண்டி வேறு.
பால் கார்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

தொண்ணூற்றெட்டாம் வருடத்து ஜிப்ஸி.
மடிப்பாக்கத்தில் டிசம்பர் என்றால்
தெருவில் முழங்கால் தண்ணீர் என்பதால் வாங்கியது.
இப்போது மே.
ஃப்ளாட்டின் கீழே, தூண்களுக்கு நடுவில்,
சொட்டு ஈரமில்லாத இடத்தில் நின்றுவிட்டது.

பெட்ரோல் வருகிறதா?
மூக்கே சொன்னது.
காற்று?
ஃபில்டரில் ஒரு கரப்பான் செத்துக் கிடந்தது, வேறு தடை இல்லை.
பொறி?
பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் படுக்கவைத்து
வளர்மதியைச் சாவி திருப்பச் சொன்னேன்.
நீலமாகத் தெறிக்க வேண்டியது தெறிக்கவில்லை.
கையால் நிழல் கட்டியும் பார்த்தேன்.
மூன்றாம் முறை திருப்பிவிட்டு
"வரலன்னா வரலதான்" என்று இறங்கிப்போனாள்.

புதுப்பேட்டை போனேன்.
நான்கு பிளக், ஒரு காயில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி,
இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய்.
எல்லாவற்றையும் மாற்றினேன்.
புதுச்செருப்பு வாங்கிக்கொண்டு
வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவன் மாதிரி நின்றது.

ஞாயிறு மாலை கலீல் வந்தார்.
நான் மாற்றியதையெல்லாம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
பழைய காயிலைத் துடைத்து
என் கையிலேயே கொடுத்தார்.
சட்டைப்பையிலிருந்து டெஸ்ட் லாம்ப்.
ஒரு முனை பாடியில், ஒரு முனை காயிலில்.
"சாவியப் போடுங்க."
எரியவில்லை.
"அதுக்குச் சாப்பாடே வரல சார்.
வாயை மாத்தி என்ன பண்றது?"

பிறகு அந்த ஒயரின் பின்னாலேயே போனோம்.
தகட்டைத் துளைத்து உள்ளே வந்து
டேஷ்போர்டின் முதுகில் ஏறி
ஸ்டீரியோ இருந்த பள்ளத்தைத் தாண்டியதும் நிறம் மாறியது.
மஞ்சள். கம்பெனி ஒயர் இல்லை,
வீட்டில் ட்யூப்லைட்டுக்கு இழுப்பது.
ரப்பர் மேட்டைத் தூக்கினால் மணல்.
ஒரு படி தேறும், கிளிஞ்சல் உடைசலோடு.
அதற்குள் புகுந்து போய்
இடது சீட்டுக்கு அடியில்
ஒரு வெள்ளை சுவிட்சில் முடிந்தது மஞ்சள்.
படுக்கையறைச் சுவரில் இருக்கவேண்டிய சுவிட்ச்.
வியாழக்கிழமை நான் உள்ளே தள்ளிய ஜாக்கி
அதன்மேல் சாய்ந்திருந்தது.

தட்டினேன். லாம்ப் எரிந்தது.
அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது,
மூன்று நாளாக ஒன்றுமே நடக்காததுபோல.

விற்றவரைக் கூப்பிட்டேன், திட்டலாம் என்று.
அயனாவரம் எத்திராஜுலு.
எடுத்தது அவர் மனைவி.
எஞ்சின் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.
"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றார்.

"ஃபேன் மாட்ட வந்த பையன வெச்சுப் போட்டது தம்பி.
அவருக்கு அப்ப பிசினஸ்ல பெரிய அடி.
ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து வண்டிய எடுத்துட்டுப் போவாரு.
எண்ணூர் பக்கம் மணல்ல எறக்கி
அலையப் பாத்து நிறுத்திட்டு
விடியுற வரைக்கும் உக்காந்திருப்பாரு.
நாலு சக்கரமும் இழுக்குற வண்டி.
மணலோட நிக்கணும்னு அதுக்கென்ன தெரியும்?
மொகம் சரியில்லாத நாள்ல
நான் கீழ போயி ஆஃப் பண்ணிட்டு வந்து படுத்துக்குவேன்.
திருப்பித் திருப்பிப் பாத்துட்டு
வண்டியத் திட்டிக்கிட்டே மேல வருவாரு.
காலைல மெக்கானிக் வர்றதுக்குள்ள
ஆன் பண்ணிடுவேன்."

கலீல் மணலை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"பதினோரு வருஷம். எத்தன காயில் மாத்துனாரோ.
இப்பவும் பேப்பர் படிக்கையில சொல்றாரு,
அதுக்கு என்ன வியாதின்னு தெரியாமலே வித்துட்டேன்னு.
சொல்லிடட்டுமா தம்பி?"

நான் என்ன சொல்ல.
கால் வைக்காமலே சீராக ஓடிக்கொண்டிருந்தது வண்டி.
எப்போது இறங்கி வந்தாளோ வளர்மதி,
இடது சீட்டில் ஏறி உட்கார்ந்து
குனிந்து அடியில் கைவிட்டுப் பார்த்தாள்,
எட்டுகிறதா என்று.