சுவர் வகை: இதர

நியாமியிலிருந்து டோசோவுக்கு வந்து
டோசோவிலிருந்து மோட்டார் சைக்கிளில்
எங்கள் ஊருக்கு வந்த படிவம்.
ஏழாவது கேள்வி:
வகுப்பறைச் சுவர் எதனால் ஆனது?
சிமென்ட், மண், இதர.
'இதர'வில் குறியிட்டுப்
பக்கத்தில் சின்னதாக எழுதினேன்:
கம்பந்தட்டை.

அக்டோபரில் அறுவடை முடிந்ததும்
ஊரார் கட்டித் தருவார்கள்.
நாலு கவட்டைக் கொம்பு,
கூரைக்கும் தட்டைதான், கதவு கிடையாது.
அறுபத்து மூன்று பேர்.
வீட்டில் ஸர்மா, பலகையில் பிரெஞ்சு.

டிசம்பரில் ஆடுகள் வரும்.
முதலில் தெற்கு மூலை.
பிறகு நான் வாய்ப்பாடு ஒட்டிய இடம்.
ஆறாம் வாய்ப்பாட்டை ஒரு கிடா
நின்று நிதானமாக
முழுதும் தின்று முடித்தது.
"அதுக்காவது உள்ளே இறங்கிச்சே சார்"
என்றான் சுமாயிலா.

பிப்ரவரியில் ஹர்மட்டான் காற்று
புழுதியோடு நேரே உள்ளே வந்து
கரும்பலகையை வெளுக்கும்.
அப்போது சுவர் என்பது
ஆடு எட்டாத உயரத்தில்
தொங்குகிற கொஞ்சம்.

அந்த ஆடுகளுக்குப் பின்னால்தான்
பிபாட்டாவைப் பார்த்தேன்.
பதினொரு வயதிருக்கும், அவளுக்கே தெரியாது.
பிறப்புச் சான்று இல்லை,
பதிவேட்டில் பேர் இல்லை.
சுவர் போன இடத்தில்
வெளியே குந்தி உட்கார்ந்தால்
பலகை முழுதாகத் தெரியும்.
அவள் ஏன் ஆடுகளை
விரட்டுவதே இல்லையென்று
மார்ச் மாதம்தான் எனக்குப் புரிந்தது.

காய்ச்சலோடு நின்ற ஒரு காலை
ஏழெட்டு ஐம்பத்து நாலு
என்று எழுதிவிட்டேன்.
அறுபத்து மூன்று வாயும்
ஒரே ராகத்தில் திருப்பிச் சொன்னது.
வெளியிலிருந்து ஒரு இருமல்.
பிறகு, ஆட்டை அதட்டுகிற குரலில்,
ஐம்பத்தாறு.
அதுவும் பிரெஞ்சில்.

அவள் அப்பா ஹமானியிடம் போனேன்.
"ஆட்டை யார் மேய்க்கிறது, நீயா?"
நாலு மாதமாகச் சம்பளம் வராத நான்
அந்த வேலையைப் பற்றி
ஒரு கணம் யோசித்தது உண்மை.

படிவத்தோடு ஒரு கடிதமும் வந்திருக்கிறது.
அடுத்த வருஷம் சிமென்ட் வகுப்பறை.
இரும்புக் கதவு, பூட்டு.
ஜன்னல் உயரத்தில், ஆடு எட்டாது.
ஊரே கைதட்டியது.
நானும் தட்டினேன்,
கொஞ்சம் பிந்தி.

பன்னிரண்டாவது கேள்வி:
மாணவர் எண்ணிக்கை.
அறுபத்து மூன்று என்று எழுதி
மூன்றை அடித்து
நாலு என்று திருத்தியிருக்கிறேன்.
உள்ளேயா வெளியேயா என்று
படிவம் கேட்கவில்லை.

மை காயக் காத்திருக்கிறேன்.
தெற்குப் பக்கம்
ஏதோ மெல்லுகிற சத்தம்.