மணிக்கு இருபது

கட்டில் ஒன்பது. வடமலை. வயது ஐம்பத்து நான்கு.
பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
நிமோனியா, பிறகு ரத்தமெல்லாம் கிருமி.
மூக்கில் இறங்கும் குழாயை
அறுபதாம் கோட்டில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறேன்.

பால் என்கிறோம். பால் இல்லை.
வெனிலா வாசமாம், டப்பாவில் எழுதியிருக்கிறது.
நாக்குக்குத் தெரியாமல்
பின்வாசல் வழியே போகிறது
மணிக்கு இருபது மில்லி.
சின்னக் கரண்டியால் நாலு கரண்டி.

நாலு மணிக்கு ஒருதரம்
பெரிய சிரிஞ்சால் உறிஞ்சிப் பார்ப்பேன்.
போனது எண்பது.
வந்தது முன்னூற்றுப் பத்து, பச்சையாய்,
பித்தத்தையும் வட்டிபோலச் சேர்த்து.
இந்த வயிறு யாரிடமும் கடன் வைக்காது.

ஆபத்தென்றால் ரத்தம்
மூளைக்கும் இதயத்துக்கும் ஓடிவிடுகிறது.
குடலுக்கு வருவது
ரைபிள் ரேஞ்ச் ஃபிளாட்டில்
என் பதினாறாம் மாடிக் குழாய்த் தண்ணீர்:
நூல், அப்புறம் சொட்டு, அப்புறம் காற்று.

'இருந்தாலும் நிறுத்தாதே' என்றாள் டயட்டீஷியன் மிஸ் ஓய்.
'உள்ளே கோடி விரல்கள் இருக்கின்றன,
சும்மா வைத்தால் சுருங்கிப்போகும்.'
வயிற்றை நகர்த்தும் மருந்தை டாக்டர் எழுதினார்.
நான் தலைமாட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.
மணிக்கு இருபது.
பசிக்காக அல்ல.
விரல்களுக்கு வேலை மறக்காமலிருக்க.

தனபாக்கியம் முதல் ஃபெரியில் வந்துவிடுவார்,
கண்ணாடிக் கதவுக்கு வெளியே,
கையில் தூக்குச்சட்டி.
'மீன் கஞ்சி, மிஸ்ஸி. முள்ளே இல்ல.
அரைச்சு வடிகட்டி அந்தக் குழாயில...'
'முடியாதும்மா. அடைச்சிக்கும்.'
மறுநாளும் கொண்டுவந்தார்.
மறுநாளும் நான் அதையே சொன்னேன்.
ஒரு நாள் மட்டும் வேறு கேட்டார்:
'அவருக்குப் பசிக்குமா?'

பதினோரு வருஷ வேலை.
சோடியம் தெரியும், பொட்டாசியம் தெரியும்,
ஒரு மணிக்கு எத்தனை கலோரி என்று தெரியும்.
கையுறையைக் கழற்றினேன்,
பதில் அதற்குள் இருப்பதுபோல.

ஆறாம் இரவு, மூன்று பத்து.
ரொஸ்னாவும் நானும் அவரை இடப்பக்கம் திருப்பினோம்.
முதலில் வாடை வந்தது.
போர்வையை விலக்கினால்
விரிப்பெல்லாம், முதுகு வரைக்கும்.
ரொஸ்னா 'அல்ஹம்துலில்லா' என்றாள்.
நான் சத்தமாய்ச் சிரித்துவிட்டேன்,
கட்டில் எட்டின் மானிட்டரே திரும்பிப் பார்த்திருக்கும்.
வெந்நீர், துணி, புது விரிப்பு.
அடிவயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன்:
தூரத்தில் யாரோ நாற்காலி இழுக்கிறார்கள்.
உறிஞ்சிப் பார்த்தேன்.
நாற்பது. அவ்வளவுதான்.

ஏழு மணி. கண்ணாடிக் கதவு.
இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து
இருக்கிறபடியே சொன்னேன்.
அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.
தோள் குலுங்கியது,
எதற்கென்று பொத்திய கை சொல்லவில்லை.

பிறகு நடைவழி நாற்காலியில் உட்கார்ந்தார்.
ஆறு நாளாய்த் திறக்காமல் எடுத்துப்போன
தூக்குச்சட்டியைத் திறந்தார்.
மூடியில் கொஞ்சம் ஊற்றி என் பக்கம் நீட்டி,
'நீங்க பசியாறிட்டீங்களா, மிஸ்ஸி?'

நேற்று மாலையிலிருந்து
என்னை யாரும் கேட்கவில்லை.
வாங்கிக்கொண்டேன்.
இஞ்சி தூக்கலாய் இருந்தது.
இரண்டாம் மிடறுக்குள்
உள்ளே பம்ப் கத்தத் தொடங்கியது.
கட்டில் ஒன்பது.
பை காலி.