பனிக்கு ஆறு கை

மார்கழி பத்தொம்பது. மணி நாலே முக்கால்.
மொட்டை மாடியில், தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில்
வெள்ளையடித்த மரப்பெட்டியைத் திறந்து
டார்ச் அடிக்கிறேன்.
பதினேழு புள்ளி ரெண்டு.
சாயப்பட்டறை பாய்லர்களும்
ராத்திரியெல்லாம் ஓடும் நிட்டிங் மிஷின்களும்
சேர்ந்து விடும் மூச்சில்
திருப்பூருக்குக் கூதல் எங்கிருந்து வரும்?

கீழ்வீட்டுக்காரர் மப்ளரும் குல்லாவுமாகப்
பால் வாங்கப் போகிறார்.
"குளுரு ஆளைக் கொல்லுதும்மா" என்கிறார்.
கொல்லவில்லை. நான் அளந்துவிட்டேன்.

ஏழு பேர் இருக்கிறோம்.
விடியுமுன் ஆளுக்கொரு எண் அனுப்புவோம்.
காங்கேயத்து எண்ணெய் மில்லிலிருந்து பதினாறு.
பெருந்துறை மருந்துக்கடை, பதினஞ்சரை.
தாளவாடி சிவமல்லு வெறுமனே
ஒன்பது என்று போடுவான்.
எங்களுக்கு அன்றைக்குக் காப்பி இறங்காது.
பல்லடம் தெய்வசிகாமணி மட்டும் ரெண்டு எண்:
பதினாலு. முப்பத்தொன்று.
முதலாவது குளிர்.
ரெண்டாவது, அந்த ராத்திரி செத்த கோழிக்குஞ்சு.

முதல் எண்ணுக்குக் கைதட்டிவிட்டுத்தான்
ரெண்டாவதைப் படிப்பேன். ஒவ்வொரு தடவையும்.

"கொட்டாய்க்குள்ள முப்பத்திமூணு வேணுமுங்க,
வெளிய மூணு வேணுமுங்க" என்பான்.
தார்ப்பாயை இறக்கிக் கட்டி, பல்பு போட்டு,
கரி அடுப்பு மூட்டிவிட்டு
வெளியே வந்து வானத்தைப் பார்ப்பானாம்,
ஒரு மேகமும் வந்துவிடக் கூடாதே என்று.

தை ரெண்டாம் வாரம் வாடை நின்றது.
மேகம் விலகியது. மேகம் ஒரு போர்வை,
விலகினால்தான் பூமி சூட்டை விடும்.
இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர்
போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.
திம்பம் செக்போஸ்ட் அடைக்கும் முன்னே
இருபத்தேழு வளைவும் ஏறிவிட்டோம்,
நானும் மருந்துக்கடை ரங்கநாயகியும் மில் குப்புராஜும்.
தெய்வசிகாமணி வரவில்லை.
குஞ்சு இறக்கி மூணு நாள்.

சிவமல்லுவின் பள்ளத்துக் காட்டில்
முட்டைக்கோஸ் வரிசை முடிகிற இடத்தில்
என் சீர்த்தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தோம்.
"உறைஞ்சா கோஸு கருகிப் போகும்,
உங்களுக்கு அதா வேணும்?" என்றாள் மாதேவி.
கேட்டவளே நெருப்பும் மூட்டித் தந்தாள்.
அளவு கெட்டுவிடும் என்று
நெருப்பை விட்டு நாப்பதடி தள்ளி உட்கார்ந்தோம்,
கம்பெனியில் கழித்த ஃப்ளீஸ் ஜாக்கெட்டை
ரெண்டு ரெண்டாகப் போட்டுக்கொண்டு, பல் தந்தியடிக்க.

புல்நுனியில் நிற்பதும் பனி.
அவினாசி ரோட்டில் லாரியை மறைப்பதும் பனி.
வடக்கே மலைமலையாய்க் கிடப்பதும் பனிதான்.
ஒரே சொல்லைக் கையில் கொடுத்துவிட்டு
பாதியைக் காட்டாமல் வைத்திருக்கிறார்கள்.

ஐந்து ஐம்பது. நாலு புள்ளி ஒன்று.
தட்டில் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது,
நடுவில் ஒரு நட்சத்திரத்தோடு.
"ஏனுங், இங்க ஓடியாங்க!"
குப்புராஜின் பைக் சீட்டில்
உப்புப் பூத்த மாதிரி ஒரு வெள்ளை.
நகத்தால் சுரண்டினேன். அரை நகம் வந்தது.
ரங்கநாயகி தன் பங்கை நாக்கில் வைத்தாள்.
என்னுடையது பார்த்துக்கொண்டிருக்கும்போதே
விரலில் ஈரமாகி, அப்புறம் விரலாகிவிட்டது.

படம் அனுப்பினேன். பதில் வந்தது:
பதினொண்ணு.
ரெண்டாவது எண் இல்லை.
இன்னும் எண்ணி முடிக்கலீங்க, என்று எழுதியிருந்தான்.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று:
சீட்டுல வெள்ளையா இருந்துச்சா? நெசமா?

திங்கட்கிழமை செக்கிங் டேபிளில்
நார்வேக்குப் போகிற குழந்தை ஜாக்கெட்.
நெஞ்சில் பனித்துளிப் பிரிண்ட், பூ மாதிரி, ஆறு கை.
ஒன்றில் மட்டும் கலர் அடைத்து ஐந்து.
கழிக்க வேண்டும். கழித்தேன்.
நான் பார்த்ததற்கு எத்தனை கை என்று
எண்ணவே இல்லையே என்று அப்போதுதான் தோன்றியது.

சீர்த்தட்டு தாளவாடியிலேயே இருக்கிறது.
பஸ்ஸில் கொடுத்து விடட்டுமா என்கிறான் சிவமல்லு.
மாசி வரட்டும் என்றேன்.
தண்ணி தினமும் ஊத்துறேங்க, என்கிறான்,
மாடுதான் குடிச்சிட்டுப் போயிருது.